சென்சிட்டிவ் தோலில் மெடிக்கல் டேப்: ஒட்டுவது முதல் எடுப்பது வரை

டேப்பை எடுத்ததும் தோலில் அதன் அளவுக்கு ஒரு சிவப்புத் தடம் தெரிவது சகஜம். கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட்டால் கவலை வேண்டாம். 30 நிமிடம் கழித்தும் அந்தச் சிவப்போ, தடிப்போ, கொப்புளமோ, தோல் உரிந்த இடமோ அப்படியே இருந்தால் அதை ஒரு காயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். காயப் பராமரிப்பு வல்லுநர்கள் 2013-இல் ஏற்றுக்கொண்ட அளவுகோல் இது. "டேப் போட்டால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் ஒருவருக்குக் கட்டு மாற்றும் பொறுப்பு புதிதாக வந்திருக்கலாம். உங்களுக்கே அறுவை சிகிச்சை முடிந்து சில வாரம் டேப்போடு இருக்க வேண்டியிருக்கலாம். இந்தக் கட்டுரை அப்படிப்பட்டவர்களுக்கானது. முழுக்க ஒரே எண்ணம்தான்: டேப்பை ஒட்டும்போதே அதை எடுக்கப்போகும் நேரத்தை நினைத்து ஒட்ட வேண்டும். தோல் பிய்வது எடுக்கும்போது என்றாலும், பாதிக் காரணம் ஒட்டும்போதே விழுந்துவிடுகிறது.

தோலுக்கு என்ன ஆகிறது

தோலின் மேலே இருக்கும் பாதுகாப்புப் படலம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லாதது. டேப் ஒவ்வொரு முறை உரிந்து வரும்போதும் அதிலிருந்து சில செல்களைக் கூடவே எடுத்துக்கொண்டு வரும். தோல் ஆராய்ச்சிக் கூடங்களில் இந்தப் படலத்தை அடுக்கடுக்காக நீக்குவதற்கு வேண்டுமென்றே ஒரே இடத்தில் டேப்பைத் திரும்பத் திரும்ப ஒட்டி உரிப்பார்கள். தினமும் கட்டு மாற்றும் வீட்டில் அதே வேலை, யாரும் நினைக்காமலே நடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மேல்தோலும் உள்தோலும் ஏற்ற இறக்கமான மடிப்புகளால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கின்றன. வயதாக ஆக அந்த மடிப்புகள் தட்டையாகி, பிடிப்பு தளர்ந்துவிடும். டேப்புக்கும் தோலுக்கும் உள்ள பிடிப்பு, தோலின் அடுக்குகளுக்கு இடையே உள்ள பிடிப்பைவிடப் பலமாகிவிட்டால், டேப்போடு தோலே வந்துவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் இதே கதைதான், அங்கே அந்தப் பிணைப்பு இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற இடம், எக்ஸிமா உள்ள தோல், நீர் கோத்து வீங்கிய கால், சர்க்கரை நோயாளிகள், இவர்களையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சின்ன உரசலே தோலுக்கு அடியில் இரத்தக்கட்டாக நிற்கும்.

முதல் படி: டேப் தேவைதானா என்று பாருங்கள்

கையிலோ காலிலோ கட்டு என்றால் பெரும்பாலும் தோலில் பசையே படவேண்டியதில்லை. காஸ் துணியை வைத்து, அதன் மேல் சுருள் பேண்டேஜைச் சுற்றி, டேப்பை பேண்டேஜின் மேலேயே ஒட்டி முடித்துவிடலாம். தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜும் குழாய்போல் மாட்டும் வலைத்துணியும் கிடைக்கின்றன. தானே ஒட்டும் வகையில் சிலவற்றில் லேடெக்ஸ் (சிலருக்கு ஒவ்வாமை தரும் இயற்கை ரப்பர்) உண்டு, உறையைப் படித்து வாங்குங்கள். எதைச் சுற்றினாலும் இறுக்கிவிடாதீர்கள். விரல் நுனி குளிர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, மரத்துப்போனாலோ உடனே தளர்த்துங்கள்.

வயிற்றில் தினமும் இருமுறை கட்டு மாற்ற வேண்டிய நிலை என்றால் வேறு வழி இருக்கிறது. காயத்தின் இருபுறமும் ஹைட்ரோகொலாய்டு தகட்டை (தோலில் படிந்து ஒட்டும் மென்மையான டிரெஸ்ஸிங்) ஒட்டிவிட்டு, டேப்பை அந்தத் தகட்டின் மேல் மட்டும் ஒட்டி எடுப்பது. தகடு சில நாள் அப்படியே இருக்கும், தோல் இழுபடாது. கட்டு மாற்றிக் காட்டும் நர்ஸிடம் இதைக் கேட்டால் செய்தே காட்டுவார். நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பதுதான் வருத்தம்.

எந்த டேப்

கடையில் "மெடிக்கல் டேப்" என்று மட்டும் கேட்டால் எது கையில் வருமோ தெரியாது. டேப்பின் மேல்பக்கம் காகிதமா, துணியா, பிளாஸ்டிக்கா என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். தோலுக்கு முக்கியம் அடிப்பக்கத்துப் பசை.

சிலிக்கோன் பசைதான் சென்சிட்டிவ் தோலுக்கு என் முதல் தேர்வு. ஒட்டியதும் தோலின் மேடுபள்ளத்தோடு படிந்துவிடும், நேரம் போகப் போகப் பிடிப்பு பெரிதாக ஏறாது, எடுக்கும்போது செல்களைக் குறைவாகவே கொண்டுவரும். சரியாக ஒட்டாவிட்டால் எடுத்துத் திரும்ப ஒட்டலாம். விலை கூடுதல் என்பதும், கனமான குழாயைத் தாங்கிப் பிடிக்கும் பலம் இல்லை என்பதும் குறைகள்.

அக்ரிலிக் பசைதான் பெரும்பாலான காகித, பிளாஸ்டிக் டேப்களில் இருப்பது. உடல் சூட்டில் மெல்ல இளகிப் பரவி, மணிக்கணக்கில் பிடிப்பு ஏறிக்கொண்டே போகும் குணம் இதற்கு. காலையில் ஒட்டியபோது லேசாக இருந்த டேப் மறுநாள் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். இந்த வகையில் காகித டேப் மென்மையானது, ஆனால் ஈரம் பட்டால் கழன்றுவிடும்.

துத்தநாக ஆக்ஸைடு கலந்த பழைய வெள்ளைத் துணிப் பிளாஸ்திரி வலுவானது. விளையாட்டு வீரர்கள் கணுக்காலில் சுற்றுவது இந்த ரகம். இதன் பசையில் ரப்பரும் பைன் மரப் பிசினும் சேர்வதுண்டு, இரண்டுமே ஒவ்வாமை தரக்கூடியவை. மெல்லிய தோலில் இதை நேரடியாக ஒட்டவே ஒட்டாதீர்கள். வீட்டு அலமாரியில் கிடக்கும் செலோடேப்பும் இன்சுலேஷன் டேப்பும் தோலுக்கானவை இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொரு குறிப்பு: "ஹைப்போஅலர்ஜெனிக்" என்று உறையில் இருந்தால் ஒவ்வாமை வரவே வராது என்று பொருள் கொள்ளாதீர்கள். வாய்ப்பு குறைவு என்ற அளவில்தான் அதை நம்பலாம்.

ஒட்டிப் பார்க்கும் சோதனை

புது டேப் என்றால் ஒரு சின்னத் துண்டை முழங்கைக்குக் கீழே, கையின் உள்பக்கத்தில் ஒட்டி 48 மணி நேரம் விடுங்கள். இடையில் அரிப்போ எரிச்சலோ வந்தால் அப்போதே எடுத்துவிடலாம். எடுத்த பிறகும் இரண்டு நாள் அந்த இடத்தைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பசை ஒவ்வாமை தாமதமாக எழும்பும் ரகம். முன்பே டேப்பால் கொப்புளம் வந்தவர்கள் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம், தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (ஒவ்வாமை தரும் பொருள் எது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொள்வதே சரி.

தோலைத் தயார் செய்தல்

மிதமான சோப்பும் தண்ணீரும் போதும். கழுவி, ஒற்றி எடுத்து, நன்றாக உலர விடுங்கள். துண்டால் தேய்க்கக் கூடாது. ஈரத்தின் மேல் ஒட்டினால் பிடிப்பும் குறையும், அடியில் தோலும் ஊறும். லோஷன், எண்ணெய், பவுடர் எதுவும் டேப் படும் இடத்தில் இருக்கக் கூடாது.

முடி அடர்த்தியாக இருந்தால் கத்தரியால் நறுக்குங்கள் அல்லது டிரிம்மரால் குறையுங்கள். ரேஸரால் மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், அதன் மேல் டேப் போட்டால் மயிர்க்கால்களில் சீழ்ப்பொட்டுகள் வர வழி செய்த மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், தோலுக்கும் பசைக்கும் நடுவில் ஒரு மெல்லிய பாதுகாப்புப் பூச்சு. பேரியர் ஃபிலிம் என்ற பெயரில் ஸ்பிரேயாகவும் துடைப்பான் பாக்கெட்டாகவும் கிடைக்கிறது. ஆல்கஹால் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். பூசிவிட்டு அரை நிமிடமாவது உலர விட்டு, அதன் பிறகே டேப். உரியும்போது முதலில் போவது இந்தப் பூச்சுதான், உங்கள் தோல் பிழைக்கும். டிஞ்சர் பென்சாயின் என்ற பிசின் கரைசலைத் தடவி ஒட்டும் பழைய முறை நேர்மாறானது: பிடிப்பைக் கூட்டித் தோல் பிய்யும் வாய்ப்பையும் கூட்டும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும். மெல்லிய தோலில் வேண்டாம்.

ஒட்டுதல்

துண்டை வெட்டும்போது நான்கு முனைகளையும் வட்டமாக நறுக்கிவிடுங்கள். கூர்முனைதான் உடையில் உரசி முதலில் சுருளும். சுருண்டதும் அழுக்கு சேரும், பிறகு அதன் மேல் இன்னொரு டேப் போடத் தோன்றும். காஸ் துணியின் ஓரத்தைத் தாண்டி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தோலில் பிடித்தால் சாதாரணக் கட்டுக்குப் போதும். ஒரு முனையில் அரை சென்டிமீட்டரை உள்பக்கமாக மடித்துவிட்டால் எடுக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு வால் கிடைக்கும். நகத்தால் சுரண்டி ஓரத்தைத் தூக்கும் வேலை மிச்சம். வயதானவர்களின் தோலில் அந்த நகக்கீறலே பெரிய காயமாகிவிடும்.

இப்போது முக்கியமான இடம். டேப்பின் ஒரு முனையைத் தோலில் வைத்து, மறுமுனையை இழுத்துப் பிடித்து ஒட்டுவதுதான் நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். அப்படி இழுத்து ஒட்டிய டேப் மறுபடி சுருங்கப் பார்க்கும், தோலையும் சேர்த்துச் சுருக்கும். அடுத்த நாள் அந்த இடம் வீங்கவும் செய்தால் இழுவிசை முழுவதும் டேப்பின் ஓரங்களில் போய் நிற்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடுப்பிலும் முட்டியிலும் கட்டின் விளிம்பை ஒட்டி வரிசையாகக் கொப்புளம் வருவது பல சமயம் இதனால்தான். பார்க்கிறவர்கள் தையலில் சீழ் பிடித்துவிட்டதோ என்று பயந்துவிடுவார்கள்.

ஆகவே, டேப்பை இழுக்காமல் தளர்வாகப் பிடித்து, நடுப்பகுதியை முதலில் காஸ் துணியின் மேல் வையுங்கள். அங்கிருந்து இரு பக்கமும் விரலால் வருடிக்கொண்டே தோலில் படிய விடுங்கள். அடியில் தோல் சுருக்கம் இருக்கக் கூடாது. பிறகு சில வினாடி மெல்ல அழுத்தித் தேய்க்க வேண்டும், இந்தப் பசைகள் அழுத்தத்தில்தான் வேலை செய்யும். மூட்டுக்கு மேல் என்றால் மூட்டை லேசாக மடக்கி வைத்துக்கொண்டு, நீட்சி உள்ள டேப்பை, அதையும் இழுக்காமல், ஒட்டுங்கள். கையையோ விரலையோ டேப்பால் முழு வட்டமாகச் சுற்றாதீர்கள், வீங்கினால் இரத்த ஓட்டம் தடைபடும்.

டேப் சுருளைச் சட்டைப்பையிலும் கட்டில் ஓரத்திலும் போட்டுவைக்காமல் மூடிய பையில் வையுங்கள். ஒருவருக்கு ஒரு சுருள்.

ஒட்டிய பிறகு

தினமும் ஓரங்களைச் சுற்றிப் பாருங்கள். கறுத்த, மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, பளபளப்பாகவோ தடித்தோ இருக்கிறதா என்று விரலாலும் கண்ணாலும் பார்க்க வேண்டும். டேப்பின் அடியில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் ஈரம் தேங்குகிறது என்று அர்த்தம். ஓரம் கழன்றால் கழன்ற பகுதியைக் கத்தரித்துவிடுங்கள், மேலுக்கு மேல் டேப் போட்டுக்கொண்டே போகாதீர்கள். கட்டு சுத்தமாக, உலர்ந்து, நன்றாக இருக்கிறதென்றால், மாற்றும் நாள் வரும்வரை தொடாமல் விடுவதே தோலுக்கு நீங்கள் செய்யும் நல்லது.

எடுத்தல்

"சடாரென்று ஒரே இழுப்பில் எடுத்துவிட்டால் வலி தெரியாது" என்ற அறிவுரையை இந்த இடத்தில் மறந்துவிடுங்கள். திடமான தோலுள்ள ஓர் இளைஞனுக்கு அது எப்படியோ போகட்டும். மெல்லிய தோலில் அந்த ஒரு இழுப்பில் மேல்தோல் கூடவே வந்துவிடும்.

கையைக் கழுவிக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். ஒட்டுநீக்கி (டேப் பசையை விடுவிக்கும் மருத்துவத் திரவம்) இருந்தால் சிலிக்கோன் வகை நல்லது, ஓரத்தில் நனைத்து சில வினாடி விட்டால் பசை பிடியை விடும், தோலில் எண்ணெய்ப்பசையும் மிஞ்சாது. அது இல்லையென்றால், நனையலாம் என்று மருத்துவர் சொன்ன காயத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை டேப்பின் மேல் சில நிமிடம் வைக்கலாம். பெட்ரோலியம் ஜெல்லியோ மினரல் ஆயிலோ ஓரத்தில் தடவினாலும் இளகும். ஆனால் அதே இடத்தில் மறுபடி ஒட்ட வேண்டுமென்றால் எண்ணெய்ப்பசையைச் சோப்பால் கழுவ வேண்டியிருக்கும், காயத்துக்குள்ளும் போகக் கூடாது. ஸ்பிரிட், நெயில்பாலிஷ் ரிமூவர், மண்ணெண்ணெய் எல்லாம் தோலை வறட்டி எரியவைக்கும். குழந்தையின் தோலில் இவற்றை நினைத்தும் பார்க்காதீர்கள்.

இனி கைகளின் வேலை. மடித்துவைத்த வாலைப் பிடித்து, டேப்பை மேல்நோக்கித் தூக்காமல், அதன் மேலேயே திருப்பி மடித்து, தோலோடு ஒட்டினாற்போல் தாழ்வாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். முடி வளரும் திசையில். மறுகையின் விரல், டேப் பிரியும் கோட்டை ஒட்டியே தோலை மெல்ல அழுத்திப் பிடித்தபடி கூடவே நகர வேண்டும். டேப்பை இழுப்பதைவிடத் தோலை அதிலிருந்து தள்ளி விடுவிப்பதாக நினைத்துக்கொண்டால் கை தானாகச் சரியாக வரும். பிரியும் கோட்டிலேயே கண் இருக்கட்டும். அங்கே தோல் கூடாரம்போல் எழும்பினால் வேகம் அதிகம், அல்லது கோணம் தப்பு. நிறுத்துங்கள், இன்னும் கொஞ்சம் நனையுங்கள், மறுமுனையிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

காயத்தின் குறுக்கே ஒட்டிய டேப்பை இரு முனையிலிருந்தும் காயத்தை நோக்கிக் கொண்டுவந்து கடைசியில் தூக்க வேண்டும். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் சேர்ந்துவரும் காயம் பிரியும். ஊசி செலுத்திய இடங்களில் போடும் நீட்சியுள்ள, கண்ணாடிபோல் தெளிவான ஃபிலிமுக்கு வழி வேறு: ஓரத்தைப் பிடித்துத் தோலுக்கு இணையாக, பக்கவாட்டில் நீட்டினால் பசை தானே விட்டுக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. ட்ரிப்ஸ் ஊசி, மூக்கு வழி உணவுக்குழாய், சிறுநீர்க் குழாய், வடிகுழாய் இவற்றைப் பிடித்திருக்கும் டேப்பை நீங்களாக எடுக்காதீர்கள். அங்கே டேப் போனால் குழாயும் போகும். அரித்தாலும் எரிந்தாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

எடுத்த பிறகு

மிச்சப் பசையைச் சுரண்ட வேண்டாம், ஒட்டுநீக்கி கொண்டு துடையுங்கள். கழுவி ஒற்றி, அன்று அந்த இடத்தில் டேப் வேண்டாம் என்றால் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் தடவலாம். அடுத்த கட்டுக்கு முடிந்தால் இடத்தைச் சற்றுத் தள்ளி ஒட்டுங்கள்.

தோல் கிழிந்து மடல்போல் தொங்கினால் அதை வெட்டி எறியவோ பிய்க்கவோ கூடாது. மெல்ல அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள், சலைன் (மருத்துவ உப்புநீர்) அல்லது சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள், ஈரமான காஸ் துணியால் மடலை முடிந்தவரை பழைய இடத்துக்குத் தள்ளி வையுங்கள். மேலே ஒட்டாத வகை சிலிக்கோன் டிரெஸ்ஸிங்கை வைத்து, எந்தப் பக்கமாக எடுத்தால் மடல் தூக்கிக்கொள்ளாதோ அந்தத் திசைக்கு ஓர் அம்புக்குறியை டிரெஸ்ஸிங்கின் மேலேயே பேனாவால் போடுங்கள். அடுத்த முறை எடுப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம். அன்றே நர்ஸிடமோ மருத்துவரிடமோ காட்டிவிடுங்கள். கொப்புளம் என்றால் உடைக்காமல் மூடிவையுங்கள்.

எரிச்சலா ஒவ்வாமையா என்று பிரித்தறிவதும் நல்லது. டேப் இருந்த வடிவத்துக்குள்ளேயே சிவந்து, எரிந்து, இரண்டு நாளில் அடங்கினால் பெரும்பாலும் வெறும் எரிச்சல். அரிப்பு தூக்கலாக, டேப்பின் எல்லையைத் தாண்டிப் பரவி, சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்களோடு நாள்கணக்கில் நீடித்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். தோலில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை அளவு சென்சார் போடுபவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். அவ்வகைக் கருவிகள் சிலவற்றில் இருந்த ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற பொருள் பலருக்கு ஒவ்வாமை தந்தது. மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுத் திடீரென்று அரிக்கத் தொடங்குவதும் நடக்கும், "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்பதை வைத்து ஒவ்வாமை இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.

சிவப்பு பரவிக்கொண்டே போனால், சீழ், நாற்றம், காய்ச்சல், கூடிவரும் வலி என்று எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். முகம், உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அது அவசரச் சிகிச்சைக்கான விஷயம், காத்திருக்கக் கூடாது.

ஒவ்வாமை உறுதியானால் எந்த டேப், என்ன பசை, உடம்பில் எந்த இடம், எத்தனை மணி நேரத்தில் என்ன வந்தது என்பதை டேப் உறையின் போட்டோவோடு மருத்துவக் கோப்பில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் சேரும்போது மருந்து ஒவ்வாமை உண்டா என்றுதான் கேட்பார்கள், டேப்பைப் பற்றிக் கேட்காமல் போகலாம். அறுவை சிகிச்சைக்கு முன்பே, மயக்க மருந்து தருபவரிடமும் வார்டு நர்ஸிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்.